அத்தியாயம் 7: பழைய மதர்போர்ட்டுக்கு எந்த விஜிஏ கார்ட் பொருந்தும்?

மட்டக்களப்புக் கடைகளில் ‘கிராபிக்ஸ் கார்ட்’ என்று கேட்பவர்கள் குறைவு. ‘விஜிஏ ஒன்று போடவேணும்’ என்றுதான் வந்து நிற்பார்கள். இந்த அத்தியாயத்திலும் விஜிஏ கார்ட் என்றே எழுதுகிறேன். மொனிட்டர் வயரைச் செருகும் நீல நிற, 15 துளை கொண்ட இணைப்புக்கும் அதே பெயர் இருப்பதால், அதை மட்டும் ‘விஜிஏ போர்ட்’ என்று பிரித்துச் சொல்கிறேன்.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்து முடித்து இங்கே வந்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட் போன்ற பிராண்ட் மெஷின். அல்லது ஜி41, எச்61 மதர்போர்ட்டில் (இனிச் சுருக்கமாகப் ‘போர்ட்’) உள்ளூரில் கூட்டிய மெஷின். சாமத்திய வீட்டு வீடியோ எடிட் பண்ண, உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிக்கும் பிள்ளை கட்டட வரைபடம் போட, பின்னேரத்தில் கொஞ்சம் கேம் விளையாட என்று அதற்கு ஒரு கார்ட் தேடுகிறீர்கள்.

நல்ல தெரிவு வேண்டுமென்றால் கார்ட் கொழும்பிலிருந்துதான் வரும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் யாராவது வாங்கிப் பஸ்ஸில் போட்டுவிடுவார்கள், அல்லது இணைய விளம்பரம் பார்த்துப் பார்சலில் எடுப்பீர்கள். வந்த கார்ட் பொருந்தாவிட்டால் உதயதேவி ரயிலில் ஒரு பகல் போய், ஒரு பகல் வரவேண்டும். பாவித்த சாமானைத் திருப்பி எடுப்பவர்களும் அரிது. அதனால் காசைக் கொடுக்குமுன் கேசிங்கைத் திறந்து பார்த்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. தேவையானவை: நட்சத்திர முனை ஸ்குரூ டிரைவர், டோர்ச், அடிமட்டம், ஒரு தாள், படம் எடுக்க உங்கள் போன்.

தொடங்குமுன்: கறண்டும் கையும்

1. மெஷினை நிறுத்தி, சுவர் சுவிட்ச்சையும் அணைத்து, பிளக்கைக் கழற்றிக் கையில் எடுங்கள். சுவிட்ச்சை மட்டும் அணைத்துவிட்டு வேலை செய்யவேண்டாம்.

2. பிளக் வெளியே இருக்கும்போதே பவர் பட்டனைப் பத்து செக்கன் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும்.

3. உள்ளே கை வைக்குமுன் கேசிங்கின் வர்ணம் பூசாத இரும்புப் பகுதியைத் தொடுங்கள். நமது ஈரக் காற்றில் நிலைமின் தொல்லை குறைவுதான். ஆனால் ஏசி அறையில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

4. பவர் சப்ளைப் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கவேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

5. ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் வானம் முழங்கத் தொடங்கினால் வேலையை நிறுத்திவிட்டு மொனிட்டர், நெட் வயர் உட்பட எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிடவேண்டும். மெஷின் ஓடும்போது கேசிங்கைத் தொட்டால் விரலில் கடிக்கிற மாதிரி இருக்கிறதா? அப்படியானால் எர்த் இல்லை. பழைய வீடுகளில் வட்டப் பின் சொக்கெட்டில் மாற்றி ஒன்றைப் போட்டு, மூன்றாவது பின் எங்கும் தொடாமல் விடுவதுதான் வழக்கமான காரணம். அதைச் சரிசெய்யாமல் கார்ட் போடவேண்டாம். மொனிட்டர் வயரைச் செருகும் அந்த நொடியில் கார்டின் எச்டிஎம்ஐ போர்ட் செத்துப்போகலாம். அதைவிட முக்கியம், உங்கள் வீட்டில் குழந்தைகளும் அந்தக் கேசிங்கைத் தொடுவார்கள். தெரிந்த ஒரு மின்வேலைக்காரரை அழைத்து எர்த்தையும் ட்ரிப் சுவிட்ச்சையும் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 1: போர்ட்டின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

மெஷின் ஓடும் நிலையில் இருந்தால், திறப்பதற்கு முன்பே விண்டோஸ் தேடலில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரும் பட்டியலில் மூன்று வரிகளைத் தாளில் எழுதுங்கள்: பேஸ்போர்ட் புராடக்ட், பயோஸ் வேர்ஷன், பயோஸ் மோட். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளின் ‘மெயின்போர்ட்’ பக்கமும் முதல் இரண்டையும் காட்டும்.

ஓடாத மெஷின் என்றால் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஸ்லொட்களுக்கு இடையிலோ ரம் அருகிலோ பெயர் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். மூலையில் சின்னதாக ‘ரெவ்’ என்று ஒரு எண் இருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள். ஒரே பெயரில் வந்த போர்ட்டுக்கு ரிவிஷன் மாறினால் பயோஸ் கோப்பும் மாறும்; மாற்றிப் போட்டால் போர்ட் போய்விடும். பிராண்ட் மெஷினில் போர்ட் பெயர் அவ்வளவு உதவாது. மெஷினின் மொடலையும் அது டவரா, சிறிய படுக்கைப் பெட்டியா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்டிபிளெக்ஸ் 7010 என்ற ஒரே பெயரில் பெரிய டவரும் உண்டு, மெலிந்த பெட்டியும் உண்டு. இரண்டுக்கும் பவர் சப்ளை வேறு, உள்ளிடம் வேறு.

படி 2: ஸ்லொட்டைப் பாருங்கள், உள்ளேயும் பாருங்கள்

இன்று விற்கும் விஜிஏ கார்ட்கள் எல்லாம் பிசிஐ எக்ஸ்பிரஸ். 2004 முதல் போர்ட்களில் வரத் தொடங்கிய ஸ்லொட் அது. 16 பாதை கொண்டது கிட்டத்தட்ட 89 மில்லிமீற்றர் நீளம். பின்பக்கத்துக்குக் கிட்ட ஒரு வெட்டும், மறுமுனையில் கார்டைப் பிடிக்கும் சிறு கொளுவியும் இருக்கும். அதற்கு முந்திய ஏஜிபி ஸ்லொட் பெரும்பாலும் மண்ணிறம். பின்சுவரிலிருந்து தள்ளி இருக்கும். உங்களிடம் இருப்பது ஏஜிபி என்றால் அந்த மெஷினில் காசு போடவேண்டாம். வெள்ளை நிறப் பழைய பிசிஐ ஸ்லொட் மட்டும் இருந்தாலும் அப்படித்தான்.

தலைமுறை பற்றி ஆக்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். மூன்றாம் தலைமுறைக் கார்ட் முதல் தலைமுறை ஸ்லொட்டிலும் ஏறும், வேலை செய்யும். வேகம் ஸ்லொட்டின் அளவுக்கு இறங்கும், அவ்வளவுதான். 16 பாதையில் முதல் தலைமுறை செக்கனுக்கு 4 ஜிபி, இரண்டாவது 8, மூன்றாவது கிட்டத்தட்ட 16. ஜி31, ஜி41 போர்ட்கள் முதல் தலைமுறை. எச்61 போர்ட்டில் எந்தப் புரொசெசர் போட்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாவதோ மூன்றாவதோ ஆகும்.

கவனிக்கவேண்டியது பாதைகளின் எண்ணிக்கை. இதில் இரண்டு பொறி உண்டு. சில மெஷின்களில் நீளமான ஸ்லொட் இரண்டு இருக்கும். ஒன்றில் மட்டும்தான் 16 பாதையும் இணைக்கப்பட்டிருக்கும். டோர்ச்சைச் சரிவாகப் பிடித்து ஸ்லொட்டின் உள்ளே பாருங்கள். பித்தளை நிற ஊசிகள் கடைசிவரை வரிசையாகத் தெரிந்தால் முழு ஸ்லொட். பாதித் தூரத்துக்குச் சற்று முன்பே ஊசி நின்று மிச்சம் வெறும் பிளாஸ்டிக் என்றால் அது 4 பாதை. அடுத்த பொறி கார்ட் பக்கம் இருக்கிறது. ரேடியோன் ஆர்எக்ஸ் 6400 பார்க்க 16 பாதைக் கார்ட் மாதிரி இருந்தாலும் 4 பாதைதான் பாவிக்கும். நான்காம் தலைமுறைப் போர்ட்டில் அதற்குக் குறையில்லை. இரண்டாம் தலைமுறைப் போர்ட்டில் செக்கனுக்கு 2 ஜிபிதான் கிடைக்கும். அங்கே அந்தக் கார்ட் மூச்சுத் திணறும்.

வாவிக் காற்று செய்கிற வேலை

வேறு ஊர்களில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது இருக்காது. கல்லடியிலிருந்து கல்முனை வரை நாம் குடியிருக்கிற நிலம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு நாடா. இரண்டு பக்கமும் உப்பு. நாலைந்து வருடம் திறந்த யன்னல் ஓரம் இருந்த மெஷினில், ஒரு தடவையும் கார்ட் போடாத ஸ்லொட்டின் ஊசிகளில் அந்த உப்பு ஒட்டியிருக்கும்.

ஆரையம்பதியில் வாவிக்கரை வீடொன்றிலிருந்து ஒரு மெஷினை என்னிடம் கொண்டுவந்தார்கள். “தம்பி, காட் புதிசு, படம் வருதில்ல” என்றார் அந்த அக்கா. கார்டை வேறு மெஷினில் போட்டேன், நன்றாக ஓடியது. திரும்ப அவருடைய ஸ்லொட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, பின்பக்கமாக இருந்த ஏழெட்டு ஊசிகளின் வளைவில் பச்சைக் களிம்பு, தேங்காய்ப்பூத் துருவல் மாதிரி பொரிந்து நின்றது. கார்டின் தங்கப் பூச்சிலும் அதே இடத்தில் மெல்லிய பச்சைக் கோடு விழுந்திருந்தது. கார்டைச் செருகியவர் நாலைந்து தடவை கழற்றிக் கழற்றிப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் களிம்பு அரைபட்டு இன்னும் உள்ளே போயிருக்கிறது.

ஆகவே கார்ட் வாங்குமுன்:

1. ஸ்லொட்டைக் காய்ந்த மென்மையான வர்ணத் தூரிகையால், ஒரே திசையில், மெதுவாகத் தட்டிவிடுங்கள். வாயால் ஊதவேண்டாம், எச்சில் ஈரமும் உப்புத்தான்.

2. டோர்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். பூதக்கண்ணாடி இல்லாவிட்டால் போன் கமராவில் கிட்டப் படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். பச்சை, வெள்ளைப் பொருக்கு, சாய்ந்த ஊசி இருக்கிறதா?

3. இலேசான களிம்பு என்றால் 99 வீத ஐசோபுரோபைல் அற்ககோல் அல்லது மின் இணைப்புகளுக்கான கொன்டாக்ட் கிளீனர். ஸ்லொட்டில் விட்டு, தூரிகையால் துடைத்து, ஒரு மணி நேரம் காயவிடுங்கள். வர்ணக்கடைத் தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்னும்.

4. கார்டின் தங்கப் பற்களை அழிறப்பரால் தேய்ப்பது நம்மிடையே பழக்கம். மெதுவான வெள்ளை அழிறப்பர் என்றால் பரவாயில்லை. மெஷினுக்குத் தூரமாக வைத்துத் தேயுங்கள், துகளை முழுதாகத் தட்டுங்கள். மை அழிக்கும் கரடுமுரடான பக்கம் தங்கப் பூச்சையே உரித்துவிடும்.

5. ஊசி முறிந்திருந்தால், அல்லது போர்ட்டின் மற்ற இடங்களிலும் களிம்பு படர்ந்திருந்தால், அந்தப் போர்ட்டுக்குக் கார்ட் வாங்கவேண்டாம்.

படுவான்கரைப் பக்க மெஷின்களில் வேறு கதை. வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து வருபவற்றில் உப்பு குறைவு. அறுவடைக் காலத் தூசிதான் விசிறியில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். அதைக் காய்ந்த தூரிகையே எடுத்துவிடும்.

படி 3: பவர் சப்ளை – பெரும்பாலான தெரிவு இங்கேதான் முடிவாகும்

ஸ்லொட் சரி, கார்ட் ஏறிவிட்டது என்று மகிழ்ந்தவர்கள் அதிகம் மாட்டுப்படுவது இந்த இடத்தில்.

1. பவர் சப்ளையின் ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். மேலே பெரிதாகப் போட்டிருக்கும் வாட் எண்ணை நம்பவேண்டாம். ‘+12வி’ என்ற கட்டத்தின் கீழ் எத்தனை அம்பியர் என்று பாருங்கள். விஜிஏ கார்டும் புரொசெசரும் பெரும்பாலும் உண்பது அந்த 12 வோல்ட்டைத்தான்.

2. அம்பியரை 12ஆல் பெருக்குங்கள். ‘500 வாட்’ என்று அச்சடித்த மலிவுப் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 16 அம்பியர் என்று இருந்தால், உங்களுக்குக் கிடைப்பது 192 வாட். இரண்டு 12 வோல்ட் வரிசை காட்டியிருந்தால் அவற்றைச் சும்மா கூட்டக்கூடாது; கீழே கூட்டு வரம்பு ஒன்று வாட்டில் எழுதியிருக்கும், அதுதான் கணக்கு.

3. செலவைக் கூட்டுங்கள். கோர் ஐ5 3470 புரொசெசர் 77 வாட். ஜிடிஎக்ஸ் 1650 கார்ட் 75 வாட். போர்ட், ரம், டிஸ்க், விசிறிகளுக்கு 40 வாட் என்று வையுங்கள். மொத்தம் 192. மேலே சொன்ன ‘500 வாட்’ பெட்டி இந்தச் சிறிய கார்டுக்கே கடைசிச் சொட்டுவரை வடிகிறது.

4. கூட்டிய தொகைக்கு மேல் மூன்றில் ஒரு பங்காவது மிச்சம் இருக்கவேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும் நாட்களில் தகர அறைக்குள் பவர் சப்ளை தன் முழு அளவைக் கொடுக்காது. வயது போன பெட்டி இன்னும் குறைவாகவே கொடுக்கும்.

ஸ்லொட் மூலமாக ஒரு கார்ட் ஆகக் கூடியது 75 வாட் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி வயர் தேவை: 6 பின் வயர் 75 வாட், 8 பின் வயர் 150 வாட். உங்கள் பவர் சப்ளையில் இந்த வயர்கள் இருக்கின்றனவா என்று இப்போதே தேடுங்கள். பிராண்ட் மெஷின்களில் பெரும்பாலும் இருக்காது. இல்லாவிட்டால் தனி வயர் கேட்காத கார்ட்தான் உங்களுக்கு. சிறிய படுக்கைப் பெட்டிகள் சிலவற்றில் ஸ்லொட்டே முழு 75 வாட் தராது. தயாரிப்பாளரின் தொழில்நுட்பக் கையேட்டில் ‘ஸ்லொட் பவர்’ என்ற வரியைப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

*பவர் சப்ளையை மாற்றினால் போச்சே* என்று நினைக்கலாம். கூட்டிய மெஷினில் அது நடக்கும். பிராண்ட் மெஷினில் நின்று யோசிக்கவேண்டும். ஒப்டிபிளெக்ஸ் 3020, 7020, 9020 போர்ட்களில் வழக்கமான 24 பின் இணைப்பு இல்லை, 8 பின்தான். எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1 இல் 6 பின். இவற்றுக்கு மாற்றி வயர்கள் விற்கிறார்கள். வாங்கினால் உங்கள் மொடலின் பெயர் சொல்லி வாங்குங்கள். ஒரு கம்பி மாறினாலும் போர்ட் எரியும்.

இந்த மூன்றையும் செய்யவேண்டாம்

சாட்டா வயரிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் வயர். டிஸ்க்குக்கான சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று ஊசி, ஒன்றுக்கு 1.5 அம்பியர், மொத்தம் 54 வாட்தான் தாங்கும். அதில் 75 வாட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். உருகி ஒட்டிப்போன இணைப்பை நான் கத்தியால் வெட்டி எடுத்திருக்கிறேன். பக்கத்தில் யன்னல் சேலை தொங்கிக்கொண்டிருந்தது.

புரொசெசருக்கான 8 பின் வயரைக் கார்டில் செருகுவது. இரண்டும் ஒரே அளவாகத் தெரியும். புரொசெசர் வயரில் நாலு மஞ்சள், நாலு கறுப்பு. கார்ட் வயரில் மூன்று மஞ்சள், ஐந்து கறுப்பு. மறுபுறமாக இருக்கும் இந்த இரண்டையும் பலவந்தமாக அழுத்தி ஏற்றினால் நேரே ஷோர்ட். எல்லா வயரும் கறுப்பாக வரும் பெட்டிகளில் இணைப்பின் மேல் உள்ள எழுத்தைப் படியுங்கள்.

யூபிஎஸ்ஸின் அளவைப் பார்க்காமல் விடுவது. வீடுகளில் உள்ள 650 விஏ யூபிஎஸ் சாதாரணமாக 360 வாட் அளவுதான் தாங்கும், மொனிட்டரும் அதில்தான்.

படி 4: பயோஸ் – கார்ட் ஏறும், படம் வராது

ஸ்லொட்டும் கறண்டும் சரியாக இருந்தும் திரை கறுப்பாக நிற்பதற்கு மிகப் பெரிய காரணம் இது. பழைய போர்ட்கள் லெகசி பயோஸ் முறையில் கார்டை எழுப்பும். புதியவை யூஇஎஃப்ஐ முறையில். 2012 அளவில் விண்டோஸ் 8 வந்தபோதுதான் யூஇஎஃப்ஐ பரவலானது. அண்மைக் காலக் கார்ட்கள் சில லெகசி மட்டும் தெரிந்த போர்ட்டில் எழும்புவதில்லை. ஆர்எக்ஸ் 6400 இதற்குப் பெயர் போனது. இன்டெல் ஆர்க் கார்ட்களை இன்டெல்லே 10ஆம் தலைமுறைப் புரொசெசருக்கு முந்திய மெஷின்களுக்குச் சிபாரிசு செய்வதில்லை. பழைய மெஷின் வைத்திருப்பவர் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

படி 1 இல் எழுதிய ‘பயோஸ் மோட்’ வரியில் யூஇஎஃப்ஐ என்று இருந்தால் நல்லது. லெகசி என்று இருந்தால் உடனே மனம் சோரவேண்டாம். போர்ட்டில் யூஇஎஃப்ஐ இருந்தும் விண்டோஸை லெகசியில் போட்டிருக்கலாம். பயோஸுக்குள் போய் ‘பூட்’ பகுதியில் யூஇஎஃப்ஐ என்ற தெரிவு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மாற்றவேண்டாம். மாற்றினால் இப்போதுள்ள விண்டோஸ் எழும்பாமல் நிற்கக்கூடும். கோப்புகளைப் பிரதி எடுத்தபின் செய்கிற வேலை அது.

தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் போர்ட்டுக்குப் புதிய பயோஸ் இருந்து, அதன் குறிப்பில் விஜிஏ பொருத்தம் பற்றிச் சொல்லியிருந்தால் ஏற்றுவது பயன் தரும். ஏற்றும் நடுவில் கறண்ட் போனால் போர்ட் கல்லாகிவிடும். 2022 இல் நாளுக்குப் பல மணி நேரம் கறண்ட் வெட்டிய காலத்தை நாம் மறக்கவில்லை. அந்த நேரசூசி இன்று இல்லாவிட்டாலும், வாடைக்காற்று மாதங்களில் மரம் விழுந்தே இணைப்பு போகும். பற்றரி நல்ல நிலையில் உள்ள யூபிஎஸ் இல்லாமல் பயோஸில் கை வைக்கவேண்டாம்.

படி 5: இடத்தை அளவுங்கள்

கேசிங்கின் பின்சுவரிலிருந்து முன்னால் இருக்கும் டிஸ்க் கூடுவரை அடிமட்டத்தால் அளந்து, 10 மில்லிமீற்றர் கழித்து எழுதுங்கள். அதுதான் கார்டின் ஆகக் கூடிய நீளம். பிறகு ஸ்லொட்டுக்குக் கீழே வெற்றிடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லொட்டுக்கு ஸ்லொட் 20 மில்லிமீற்றர் அளவு; பெரிய விசிறி வைத்த கார்ட் இரண்டு ஸ்லொட்டின் இடத்தைப் பிடிக்கும்.

படுக்கைப் பெட்டியில் உயரமும் பிரச்சினை. வழக்கமான கார்டின் தகடு 120 மில்லிமீற்றர் உயரம். குள்ளக் கார்டின் தகடு கிட்டத்தட்ட 80. கடையில் ‘லோ புரொஃபைல்’ என்று கேளுங்கள், குள்ளத் தகடும் பெட்டிக்குள் இருக்கிறதா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கார்ட் குள்ளமாக இருந்து, தகடு நெட்டையாக வந்து, மூடியை மூடாமலே மெஷின் ஓட்டுகிற வீடுகள் எனக்குத் தெரியும். திறந்த மெஷினுக்குள் உப்புக் காற்று நேரே போகிறது, பல்லியும் போகிறது.

படி 6: மிச்சம் உள்ளவை

மொனிட்டரின் பின்புறத்தைப் பாருங்கள். விஜிஏ போர்ட் மட்டும் உள்ள பழைய மொனிட்டர் என்றால், ஜிடிஎக்ஸ் 1050, 1650 போன்ற கார்ட்களில் அதற்கு நேர் இணைப்பு இல்லை. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும், உள்ளே சிப் உள்ள மாற்றி வேண்டும். வெறும் ஊசி மாற்றும் மலிவு இணைப்பு வேலை செய்யாது. ஜிடி 710, 730 கார்ட்கள் பலவற்றில் விஜிஏ போர்ட் உண்டு.

விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா? 32 பிட்டுக்கு என்விடியா புதிய டிரைவர் வெளியிடுவதை 2018 இலேயே நிறுத்திவிட்டது. ரம் 4 ஜிபி என்றால் கார்டுக்கு முன் ரம்முக்குச் செலவழியுங்கள். கோர் 2 டுவோ மெஷினில் விலை கூடிய கார்ட் போட்டால் புரொசெசர்தான் இழுபடும்.

எந்தக் கார்ட்?

தனி வயர் கேட்காத, பழைய போர்ட்களில் பொதுவாகத் தொல்லை தராத சிலவற்றைச் சொல்கிறேன். ஜிடி 710 வெறும் 19 வாட். திரை காட்டும், படம் ஓடும், அதற்கு மேல் எதிர்பார்க்கவேண்டாம். ஜிடி 1030 குள்ளப் பெட்டிக்கு ஏற்றது, 30 வாட். ஆனால் வீடியோ எடிட் பண்ணுகிறவர் இதை வாங்கவேண்டாம்: வீடியோவை வேகமாக ஏற்றுமதி செய்யும் என்கோடர் இதில் இல்லை. ஆர்எக்ஸ் 6400 இலும் இல்லை. எடிட்டுக்கு ஜிடிஎக்ஸ் 750 டிஐ (60 வாட்), ஜிடிஎக்ஸ் 1050 டிஐ (75 வாட்) இரண்டிலும் அது உண்டு. ஜிடிஎக்ஸ் 1650 இன்னும் நல்லது. ஆனால் இந்த மூன்றிலும் 6 பின் கேட்கும் வகைகளும் இருக்கின்றன. படத்தில் கார்டின் மேல் விளிம்பைப் பார்த்து வாங்குங்கள். எச்61 டவர் ஒன்றுக்கு என்னிடம் கேட்டால் நான் சொல்வது 1050 டிஐ.

பாவித்த கார்ட் எடுத்தால் காசு கொடுக்குமுன் ஜிபியு-இசட் மென்பொருளில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய ஜிடிஎஸ் 450 கார்டின் பயோஸை மாற்றி ‘1050 டிஐ’ என்று விற்கிற மோசடி உலகம் முழுக்க நடந்தது. 2018 இலிருந்து அந்த மென்பொருள் இப்படிப்பட்டவற்றின் பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று காட்டிக்கொடுக்கிறது. பிறகு தகட்டின் திருகு துளைகளைப் பாருங்கள். அங்கே துரு என்றால் அந்தக் கார்டும் நம்மைப் போல் கடற்கரையில் வாழ்ந்தது. பற்களையும் கெப்பாசிட்டர் கால்களையும் கவனமாகப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

பொருத்துதல்

1. பிளக்கைக் கழற்றி, முன்சொன்ன பாதுகாப்பை மறுபடி செய்யுங்கள். மெஷினைச் சரித்து, போர்ட் கிடையாக இருக்கும்படி வையுங்கள்.

2. பின்தகட்டை எடுத்து, ஸ்லொட்டின் கொளுவியைத் திறங்கள்.

3. கார்டை விளிம்பில் பிடித்து, தகட்டின் நாக்கு கேசிங்கின் இடுக்கில் விழுகிறதா என்று பார்த்தபடி, இரு முனையிலும் ஒரே அளவாக அழுத்துங்கள். கொளுவி ‘டிக்’ என்று பூட்டவேண்டும். தங்கப் பல் வெளியே தெரிந்தால் இன்னும் இருக்கவில்லை.

4. திருகை இறுக்குங்கள். திருகும்போது மறுமுனை மேலே எழும்பினால் தகட்டை நிமிர்த்திவிட்டுப் போடுங்கள்.

5. தனி வயர் உண்டானால் செருகுங்கள். மொனிட்டர் வயரைப் போர்ட்டின் பழைய இடத்தில் அல்லாமல் கார்டில் செருகுங்கள். படம் வரவில்லை என்று கொண்டுவரப்படும் மெஷின்களில் கணிசமானவை இந்த ஒரு வயரால் வந்தவை.

படம் வராவிட்டால்

பதறிக் கழற்றிக் கழற்றிப் போடவேண்டாம். ஒழுங்காகப் போங்கள்.

1. கார்டின் விசிறி சுற்றுகிறதா? விசிறி உள்ள கார்டில் அது அசையவே இல்லை என்றால் தனி வயர், ஸ்லொட் இருப்பு, களிம்பு மூன்றையும் பாருங்கள்.

2. சுற்றுகிறது, படம் இல்லை என்றால் மொனிட்டர் வயரைத் திரும்பப் போர்ட்டின் சொந்த இணைப்பில் போடுங்கள். படம் வந்தால் பயோஸுக்குள் போய் ‘பிரைமரி டிஸ்ப்ளே’ அல்லது ‘இனிட் டிஸ்ப்ளே ஃபெர்ஸ்ட்’ என்ற வரியில் பிசிஐ எக்ஸ்பிரஸ் அல்லது பிஇஜி என்று மாற்றிச் சேமியுங்கள்.

3. பிளக்கைக் கழற்றி, போர்ட்டின் நாணயப் பற்றரியை ஐந்து நிமிடம் எடுத்துவிட்டுப் போடுங்கள். பயோஸ் ஆரம்ப நிலைக்குப் போகும். பழைய மெஷின்களில் அந்தப் பற்றரி செத்தே இருக்கும், புதியது ஒன்று போடுவது நல்லது. எண் சிஆர்2032.

4. கேம் தொடங்கியதும் மெஷின் தானாக அணைந்தால் அது பவர் சப்ளையின் முறைப்பாடு. படி 3 இன் கணக்குத் தாளை எடுங்கள்.

5. இவ்வளவுக்குப் பிறகும் கறுப்பென்றால், யூஇஎஃப்ஐ உள்ள, 2014க்குப் பின் வந்த மெஷின் ஒன்றில் கார்டைப் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் கார்டில் பிழையில்லை, உங்கள் போர்ட்டின் பயோஸுக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை. அங்கேயும் ஓடாவிட்டால், விற்றவர் சொன்ன பரிசோதனைக் காலம் முடியுமுன் அன்றைக்கே தொலைபேசியில் சொல்லி, கறுப்புத் திரையோடும் சுற்றும் விசிறியோடும் ஒரு வீடியோ எடுத்து அனுப்பிவிடுங்கள்.